எல்லாம் நார்மல் சார்

ஜூலை 22, திங்கள்

யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொல்கிறார்: மேடைப் பயம் போக வேண்டுமானால் தினமும் பயத்தை ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். இருபத்தொரு நாளில் ஓடிவிடுமாம். எனக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது. இரண்டு நாள் மிச்சம்.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அரிசி மூட்டை மேல் கிடந்தது. அதைத் தட்டித் துடைத்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 14, புதன்கிழமை, கலெக்டர் ஆபீசில் கூட்டம். பிரசவ காலத்தில் ஒரு தாய் இறந்துபோனால், ஏன் இறந்தாள் என்று கலெக்டரே உட்கார்ந்து விசாரிப்பார். என் பகுதியில் மாரிச்செல்வி இறந்துவிட்டாள். ஜூலை 11, வியாழக்கிழமை. எட்டரை மாதம். வீட்டிலேயே வலிப்பு வந்து, 108 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவசரமாக ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டது. தாய் அன்று சாயங்காலமே போய்விட்டாள். இருபத்து நான்கு வயது. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்.

நான் அந்த ஊருக்குக் கிராம சுகாதார நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ். அதனால் நான் எழுந்து நின்று கலெக்டர் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டால் நான் ராணி. குடித்துவிட்டு வந்த புருஷனைக்கூட அதட்டி உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் எழுந்து நிற்கச் சொன்னால் தீர்ந்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளும், காது அடைத்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் காலைப் பிரேயரில் உறுதிமொழி சொல்லப் போய்ப் பாதியில் மறந்துவிட்டேன். அறுநூறு பிள்ளைகளும் கையை நீட்டியபடியே வெயிலில் நின்றார்கள். அந்த அறுநூறு கைகளும் இன்னும் என் முன்னால் நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதில் கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மைக் செட் கடை வைத்திருக்கிறார். வீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் வயரும் மைக்கும்தான். ஊரெல்லாம் இவர் மைக்கில் பேசுகிறது. நான் மட்டும் பேசுவதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று "மதிப்பிற்குரிய" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தோசை கருகிவிட்டது.

ஜூலை 24, புதன்

தடுப்பூசி நாள். பதினோரு பிள்ளைகள். ஒரு பயல் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். மருந்துப் பெட்டியின் வார் அறுந்து, கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் இவர் ஒரு மைக்கையும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் கூடத்தில் மாட்டினார்.

"பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசு. எங்கூட சண்டை போடும்போது மைக்கா கேட்டே?"

பிடித்தேன். என் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று பெட்டியில் கேட்டது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, குக்கரா?" என்றாள். இவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் சிரிப்பை நிறுத்தினார்.

"இங்க பாரு செண்பகம். நடந்தத அப்படியே சொல்லப் போற. இதுல பயப்பட என்ன இருக்கு?"

அரிசி களைய எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

மாரிச்செல்வி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது, குழந்தையை எடை பார்ப்பது என் வேலை. பதினைந்து நாள் ஆகிறது. இரண்டு கிலோ முந்நூறு. தேறிக்கொண்டு வருகிறது.

மாமியார் சீனியம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறாள். மகன் கருப்பசாமி லாரி டிரைவர். சம்பவத்தன்று நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தான். இப்போது வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்தபடி இருக்கிறான். தாயோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் அவனிடம், "முன்னாடியே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் உங்க வீட்டுல ஏன் மறுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஊரில் இல்லை. அப்படியென்றால் மறுத்தது யார்? தெருவே முடிவு பண்ணிவிட்டது. குழாயடியில் சீனியம்மாள் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம்.

எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். முழுசாகக் குடித்தேன்.

தாடிக்காரர் பயத்தை எழுதச் சொன்னார். இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 27, சனி

என் மேலதிகாரி ஜெயராணி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். வருகிற பிப்ரவரியில் ரிட்டயர் ஆகிறார். நல்ல மனுஷி. என் பிரசவத்துக்கு இரண்டு நாள் கூடவே இருந்தவர். மாரிச்செல்வியின் கர்ப்பகாலக் கார்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் அவர்தான் முன்நின்று முடித்தார். ஒரு தாளை நீட்டினார். அவர் கையெழுத்தில் நாலு வரி.

"மாரிச்செல்விக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது ஜூலை 2 அன்று கண்டறியப்பட்டது. உடனடியாகப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல அறிவுறுத்தினேன். குடும்பத்தார் மறுத்துவிட்டனர். தொடர்ந்து கண்காணித்து வந்தேன்."

"நாலே வரி செண்பகம். மனப்பாடம் பண்ணிக்கோ. இதுக்கு மேல ஒரு வார்த்தை சேக்காத, ஒரு வார்த்தை குறைக்காத. நீ தடுமாறினாத்தான் தோண்டுவாங்க. தோண்டினா நீ, நான், டாக்டர் மூணு பேரும் போவோம்."

சரி அக்கா என்றேன். முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 28, ஞாயிறு

நாலு வரியை முப்பது தடவை சொன்னேன். மூன்றாவது வரியில் தொண்டை அடைக்கிறது. வெந்நீர் குடித்துப் பார்த்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

எழுதித்தான் தொலைக்க வேண்டும். நோட்டுக்குமா பொய் சொல்வது?

ஜூலை 2 அன்று மாரிச்செல்விக்கு நான் பிரஷர் பார்த்தது உண்மை. அதிகம் இருந்ததும் உண்மை. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. "கொஞ்சம் கூடுதலா இருக்கு தாயி. வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணிட்டு போன் பண்றேன், போயிடுவோம்" என்று சொன்னேன். சரிக்கா என்றாள். இவ்வளவுதான் நடந்தது. யாரும் எதையும் மறுக்கவில்லை.

ஜூலை 5 வெள்ளி, மாதக் கூட்டம். ஒவ்வொரு நர்ஸும் எழுந்து நின்று, தன் பகுதியில் ஆபத்தான நிலையில் உள்ள கர்ப்பிணிகள் யார் யார் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் டாக்டர் ஆளை அனுப்புவார், வண்டி சொல்வார். வழக்கமாக நாங்கள் ஒன்பது பேரும் டாக்டரும்தான் இருப்போம். அதற்கே எனக்குக் கை வேர்க்கும். அன்றைக்குப் பார்த்து ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் பேசியவளை, "என்ன முணுமுணுக்கிறீங்க, எந்திரிச்சு நின்னா பேச வராதா?" என்று கடித்தார். அடுத்து நான்.

எழுந்தேன். மாரிச்செல்வி பெயர் நோட்டில் இருந்தது. நோட்டு கையில் இருந்தது. பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எத்தனையாவது மாதம், எவ்வளவு பிரஷர், ஏன் அன்றைக்கே அனுப்பவில்லை. அத்தனை கேள்விக்கும் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

"எல்லாம் நார்மல் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வார்த்தை. உட்கார்ந்ததும் வயிறு குளிர்ந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாதக் கூட்டம். முடிந்ததும் ஜெயராணி அக்கா கதவைச் சாத்திவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ஒத்திகை. டாக்டர் இளம்பரிதி கலெக்டர் மாதிரி நடுவில் உட்கார்ந்தார். சின்ன வயசு டாக்டர். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

நாலு வரியையும் சொன்னேன். தடங்கல் இல்லை. தொண்டை அடைக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். "செண்பகமாடி இது!" என்று ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பதினாறு வருஷத்தில் முதல் கைதட்டல். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எடை இரண்டு கிலோ அறுநூற்றைம்பது. தொப்புள் நன்றாக ஆறிவிட்டது.

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சீனியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வாசலில் மகன் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கப்படாது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி எங்கிட்ட சொன்னீகளா?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல, எனக்கு ஒண்ணும் பிடிபடல. அந்தப் பிள்ளை பையெல்லாம் எடுத்து வச்சிருந்தா. அந்தா, ஆணியில தொங்குது பாருங்க. துண்டு, சோப்பு, ரெண்டு நைட்டி, பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி. 'நர்ஸக்கா போன் பண்ணுவாக அத்தை, உடனே கிளம்பணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. போனைக் கையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. மறுக்கிறவ பையை எடுத்து வைப்பாளா? ஆனா கவர்மெண்டு காயிதத்துல நாங்க மறுத்தோம்னு இருக்காம். காயிதம் பொய் சொல்லுமா? அறுவத்து மூணு வயசாச்சு எனக்கு. நீங்க சொல்லி, நான்தான் புத்தி கெட்டு மறந்துட்டேனோ?"

என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று சொன்னாலும் நம்பியிருப்பாள், இல்லை என்று சொன்னாலும் நம்பியிருப்பாள்.

"பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் தோள்ல போட்டுத் தட்டுங்கம்மா" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று அங்கே மைக் இல்லை, கூட்டம் இல்லை, எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. பாயில் உட்கார்ந்திருந்தேன், நான் ராணியாக இருக்கிற பாயில். இதற்குப் பெயர் மேடைப் பயம் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. இவருக்கு மூன்று கோயிலில் மைக் செட். மாலையில் ஒரு வயர்க் கட்டை எடுக்க வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை 5 பற்றிச் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

மாரிச்செல்வி இறந்த மறுநாள் அவளுடைய கார்டை ஜெயராணி அக்கா என் முன்னால் வைத்தார். ஜூலை 2-க்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்குப் பார்த்த பிரஷரை நான் என் கைநோட்டில்தான் குறித்திருந்தேன், கார்டில் அப்புறம் ஏற்றலாம் என்று விட்டிருந்தேன். "எழுது" என்றார். எழுதினேன். "அறிவுறுத்தப்பட்டது, குடும்பத்தார் மறுத்தனர்." என் பேனா, என் கையெழுத்து. கூட்டத்தில் பேசியதை எழுதும் மினிட்ஸ் நோட்டை எங்கள் ஆபீசில் எப்போதும் ஒரு வாரம் கழித்துத்தான் எழுதுவார்கள். அது வசதியாகப் போயிற்று. அதிலும் மாரிச்செல்வி பெயரை நான் சொன்னதாக ஏறிவிட்டது.

இவர் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்துவிட்டு மறுபடி அவிழ்த்துச் சுற்றினார்.

"மீட்டிங் முடிஞ்சப்புறம் டாக்டர்ட்ட தனியா சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் நின்னேன். அவரு அதிகாரிகூட ஜீப்ல போயிட்டாரு. திங்கட்கிழமை சொல்லப் போனா, 'அன்னைக்கு எல்லாம் நார்மல்னு சொன்னீங்களே'ம்பாரு. அதுக்கு என்ன சொல்றது? திங்கள், செவ்வாய் காய்ச்சல் கேம்ப். புதன் தடுப்பூசி. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க. வியாழக்கிழமை காலையில..."

"அந்தப் பிள்ளைக்காவது ஒரு போன் போட்டிருக்கலாம்."

"ஆமா."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலை போயிருமா?"

"போகலாம்."

"நான் மைக் செட்டு போடுறவன். மைக்கு ஒரு கழுதை, எதை ஏத்தினாலும் சுமக்கும். உன் நாலு வரியையும் சுமக்கும். ஆனா அந்த அம்மா குழாயடியில ஒத்தையா நிக்கிறா பாரு..." என்று சொல்லிவிட்டு மேலே சொல்லாமல் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. தாடிக்காரனைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். யூடியூபில்தான், அவன் திருப்பிப் பேச முடியாத இடத்தில்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஜெயராணி அக்காவுக்குப் போன் பண்ணி, "அக்கா, மூணாவது வரி என்னால முடியாது" என்றேன்.

"பயப்படாத செண்பகம், அன்னைக்கு எவ்வளவு நல்லா சொன்ன!"

"பயம் இல்லக்கா."

"நான் பிப்ரவரியில ரிட்டயர்டி" என்றார். அழுகிறாரோ என்று தோன்றியது. "எம்மகளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கேன். நீ என்னைய நினைச்சுப் பாத்தியா?"

நினைக்காமல் என்ன? இரண்டு பக்கமும் மனுஷர்கள்தான் நிற்கிறார்கள். சரி அக்கா, வைக்கிறேன் என்றேன். அவர், சரி என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரா தெரியாது. நானும் விளக்கவில்லை. கோழை நான்.

ஆகஸ்ட் 14, புதன்

வரிசையாக எழுத முடியுமா தெரியவில்லை.

கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் ஹால். வளைந்த பெரிய மேஜை. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் கழுத்து நீண்ட மைக். பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். முப்பது பேர் இருப்பார்கள். கலெக்டர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், அதிராமல் பேசுகிறார். எனக்குக் காலையிலிருந்தே காது அடைத்திருந்தது. நாலு வரித் தாள் கைப்பையில் இருந்தது.

இவர்கள் முறை என்னவென்றால் முதலில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் எங்களை விசாரிப்பார்கள். இது எனக்குத் தெரியாது. சீனியம்மாள் இருக்கும்போதே நான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன்.

சீனியம்மாளும் கருப்பசாமியும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்தார்கள்.

"அம்மா, நர்ஸ் முன்னாடியே சொல்லியும் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல?" என்று கலெக்டர் கேட்டார்.

யாரோ பட்டனை அழுத்திவிட்டார்கள். சீனியம்மாள் மைக்கைப் பார்த்து, அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேசினாள்.

"எனக்கு ஞாபகத்துல இல்ல தாயி. நர்ஸம்மா நல்லவுக. எம்பேத்தியை வந்து வந்து பாக்காக. அவுக சொல்லிருந்தா சொன்னதாத்தான் இருக்கும். நான்தான் மறந்திருப்பேன். எம்மேல தப்புன்னு எழுதிக்கோங்க. எம்மகன்கிட்ட மட்டும் சொல்லுங்க, நான் வேணும்னு செய்யல."

கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிம்மா, நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார் கலெக்டர்.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவு இருபதடி தூரம்கூட இல்லை. அவள் வெளியே போய்விட்டால் அப்புறம் நான் என்ன சொன்னாலும் அது அதிகாரிகளுக்குச் சொன்னது. அவள் மறந்துவிட்டதாகவே வீட்டுக்குப் போவாள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. என் முறை வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தால் என் விரல்தான் பட்டனில் இருக்கிறது.

"போகாதீங்கம்மா" என்றேன்.

மைக் கிரீச்சென்று கத்தியது. முப்பது பேரும் திரும்பினார்கள். நான் எழுந்து நிற்கிறேன், எப்போது எழுந்தேன் தெரியாது. ஜெயராணி அக்கா கீழே என் சேலையைப் பிடித்து இழுக்கிறார்.

"நூத்தி ஐம்பத்தாறு, நூத்திநாலு" என்றேன்.

எதற்கு முதலில் அந்த எண்ணைச் சொன்னேனோ! ஜூலை 2 அன்று மாரிச்செல்விக்கு இருந்த பிரஷர், இத்தனை நாள் இந்த டைரியில்கூட எழுதாமல் வைத்திருந்த எண். அப்புறம் என்ன பேசினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. குரல் உடைந்தது. ஒரு இடத்தில் மாரிச்செல்வி பெயருக்குப் பதில் என் பெயரையே சொன்னேன். திருப்பிச் சொன்னேன். "அந்த அம்மா மறக்கல. நான் சொல்லவே இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட போன் பண்றேன்னு சொன்னேன். பண்ணல. கார்டுல மறுத்தாங்கன்னு எழுதினது நான். எங்கையெழுத்து" என்றேன். எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "எழுதின கை என்னுது மேடம்" என்றேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அதற்கு மேல் எனக்கு மூச்சு வரவில்லை.

கலெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மாதக் கூட்டத்துல ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"யாருக்குப் பயந்தீங்க?"

"யாருக்கும் இல்ல மேடம். எழுந்து நின்னு பேசறதுக்கு."

யாரோ 'ச்ச்' என்றார்கள். அவ்வளவு சின்னக் காரணம். முப்பது பேர் முன்னால் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று எனக்கே கேட்டது. ஒரு உயிர் போக இவ்வளவு போதுமா?

சீனியம்மாள் கதவருகே நின்றாள். "அப்ப நான் மறக்கல" என்றாள். மகனைப் பார்த்து, "ஏய்யா, கேட்டியா, நான் மறக்கலய்யா" என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். கருப்பசாமி அவள் கையைப் பிடித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"ஒரு போன் அக்கா" என்றான். "ஒரே ஒரு போன்."

நான் உட்காரவில்லை. உட்காரச் சொல்லும்வரை நின்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். ஜெயராணி அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்றேன். "போ" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மெமோ வந்துவிட்டது. எனக்கு, அக்காவுக்கு, டாக்டருக்கு. விசாரணை முடியும்வரை வேலையில் இருக்கலாம். என் இடத்துக்கு வர வேறு நர்ஸ் இல்லை, அதனால்தான். அக்காவின் ரிட்டயர்மென்ட் சிக்கலாகும் என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று எவன் சொன்னான்? ஒரு பாரம் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் காப்பி குடித்தால் வயிற்றில் நிற்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

தடுப்பூசி நாள். மாரிச்செல்வி குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. வர மாட்டார்கள், வீட்டுக்குப் போனாலும் விரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே மருந்துப் பெட்டியைத் திறந்தேன். பத்தரை மணிக்குச் சீனியம்மாள் வந்தாள். கூட இரண்டு பெண்கள், அவள் தெருதான். ஒருத்தி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

குழந்தையை என் மேஜை மேல் வைத்தாள். மூன்று கிலோ தொள்ளாயிரம்.

"எம்மகன் உன் கையால ஊசி போடக்கூடாதுன்னான். நான்தான் கூட்டிட்டு வந்தேன். பிள்ளைக்கு நாளாகுதுல்ல. போடு."

முன்பெல்லாம் 'போடுங்க' என்பாள்.

போட்டேன். குழந்தை வீரிட்டது. தோளில் போட்டுத் தட்டினாள்.

"அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

"தெரியும்."

உட்கார்ந்திருந்தாள். போகும்போது என் பக்கம் திரும்பினாள். "உம்மேல எனக்கு ஆறல. ஆறவும் செய்யாது. பொய் சொல்லி என்னத்துக்கு? ஆனா என்னையக் கொலைகாரின்னு சொன்ன வாயையெல்லாம் அன்னைக்கு அடைச்சிட்ட. அதுவும் நெசந்தான்." படியிறங்கி, நின்று, "அடுத்த ஊசி என்னைக்கு?" என்றாள்.

"செப்டம்பர் இருபத்தஞ்சு, புதன்கிழமை."

"அதைப் போன்ல சொல்லு. மறந்துராத."

செப்டம்பர் 6, வெள்ளி

மாதக் கூட்டம். ஜில்லாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள், நாங்கள் இப்போது பிரபலமாகிவிட்டோம். ஜெயராணி அக்கா லீவு. என் முறை வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், பயம் எங்கே போகப்போகிறது!

"உக்காந்தே சொல்லுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர் இளம்பரிதி. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

"இல்ல சார், நிக்கிறேன்."

ஐந்து பெயர். நோட்டைப் பார்த்துத்தான் வாசித்தேன். குரல் கேட்கவில்லை, சத்தமாக என்றார்கள். முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். எத்தனையாவது மாதம், எவ்வளவு பிரஷர், ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். ஒன்றுக்குப் பதில் தெரிந்தது, ஒன்றுக்குத் திட்டு வாங்கினேன். நின்றுகொண்டே வாங்கினேன்.

முடிந்ததும் வராந்தாவுக்கு வந்து ஐந்து பேருக்கும் அங்கேயே நின்று போன் பண்ணினேன். நாலாவது பெண் முத்துலெட்சுமி எடுக்கவில்லை. இன்னொரு தடவை பண்ணினேன். எடுக்கவில்லை. டாக்டர் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்தேன், ஓடிப்போய் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை பண்ணினேன்.

"என்னக்கா, மாவாட்டிக்கிட்டு இருந்தேன், கேக்கல" என்றாள்.

"பையை எடுத்து வச்சுக்கோ" என்றேன். "நானே வர்றேன்."